ஒரு நாளுக்கு ஓர் ஏரி

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஐரோப்பா சென்று திரும்பியவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கோபுரம், அரண்மனை, அருங்காட்சியகம், கடைத்தெரு என்று அடுக்குவார்கள். ஏழு நாளில் ஐந்து தலைநகரங்களை முடித்தவர்களும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போகிறார்கள் என்று கேட்டால் பதில் இராது. அவர்களில் பலர் ரயிலேறி ஏரிக்குப் போகிறார்கள். பையில் ஒரு துண்டு, கொஞ்சம் ரொட்டி, பழம். மாலையில் ஈரத் தலையோடு வீடு திரும்புகிறார்கள். அந்த ரயிலில் நீங்களும் ஒரு நாள் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

ரோமிலிருந்து தொடங்குகிறேன். வாட்டிகனுக்கு அருகிலுள்ள சான் பியெத்ரோ நிலையத்தில் ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் பிராச்சானோ. கொலோசியத்தின் முன் வரிசையில் நிற்கும் நேரம்கூட ஆகாது. எரிமலை கக்கிக் கக்கி அடியில் வெற்றிடமாக, மேலே இருந்த நிலம் உள்வாங்கிப் பிறந்த ஏரி அது. பரப்பு ஏறத்தாழ 57 சதுர கிலோமீட்டர், ஆழம் 160 மீட்டருக்கும் மேல். பெரிய ஆறு எதுவும் வந்து விழுவதில்லை. மழையும் ஊற்றும்தான் வரவு. அதனால் நீர் அவ்வளவு தெளிவு.

அந்தத் தெளிவைக் காப்பதற்கும் காரணம் இருக்கிறது. ரோம் நகரத்தின் குடிநீருக்கு அது சேமிப்பு. ஏரியைச் சுற்றியுள்ள ஊற்றுகளிலிருந்து கி.பி. 109-இல் பேரரசர் திராயான் நகரத்துக்குக் கால்வாய் கொண்டுவந்தார். பின்னாளில் அது பழுதடைய, போப்பாண்டவர் ஐந்தாம் பவுல் சீரமைத்தார். ஜானிகோலோ குன்றில் 1612-இல் எழுந்த பெரிய நீரூற்று மாளிகை அந்தத் தண்ணீரின் வருகையைக் கொண்டாடத்தான். அதன் முன் நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போய் ஏரியைப் பார்த்திருப்பார்கள்? உல்லாச மோட்டார் படகுகளை அந்த ஏரியில் விடுவதில்லை. துடுப்புச் சத்தமும் பாய்மரச் சலசலப்பும்தான் காதில் விழும். 2017 வறட்சியில் நீர்மட்டம் தாழ்ந்து கரை பின்வாங்கியபோது, ஏரியிலிருந்து இனித் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று மாநில அரசு உத்தரவிட்டது. ரோமில் முறைவைத்துத் தண்ணீர் விடலாமா என்ற பேச்சு எழுந்தது. தலைநகரமும் ஏரியும் ஒரே உடம்பு என்பதை அந்த ஒரு கோடை காட்டிவிட்டது.

அதே கரையில் அங்குயில்லாரா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1989-இல் ஏரிக்கு அடியில் ஒரு கிராமத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய புதிய கற்கால ஊர் அது. ஓக் மரத்தைக் குடைந்து செய்த, பத்து மீட்டருக்கு மேல் நீளமான ஓடம் சேற்றுக்குள் கிடைத்தது. ரோம் பிறப்பதற்கு ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த நீரில் துடுப்புப் போட்டிருக்கிறார்கள்! இதைத் தெரிந்துகொண்டு கரையில் உட்காருங்கள். எதிரே இருக்கும் நீர் வேறு மாதிரி தெரியும்.

இப்போது ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டுக்கு வாருங்கள். அங்கிருந்து ரயிலேறினால் பாலட்டோன். பாலட்டோன் ஏரியின் நீளம் ஏறத்தாழ 77 கிலோமீட்டர், பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சராசரி ஆழமோ மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். தென்கரையில் இறங்கி நடந்துகொண்டே இருக்கலாம், இடுப்புக்குத் தண்ணீர் வருவதற்குள் கால் வலித்துவிடும். ஆழமில்லாத நீர் வெயிலில் விரைவில் சூடாகும். அதனால்தான் குழந்தைகளோடு வருகிற குடும்பங்கள் அங்கே குவிகின்றன. அதே காரணத்தால், காற்று வந்தால் நொடியில் அலை எழும்பிவிடும். கரையோரக் கம்பங்களில் மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கினால் கவனியுங்கள். மெல்ல மின்னினால் ஆழத்துக்குப் போகாதீர்கள், வேகமாக மின்னினால் நீந்தக் கூடாது, கரையேறிவிட வேண்டும்.

கடலற்ற அந்த நாட்டு மக்கள் அதை ஹங்கேரியின் கடல் என்கிறார்கள். 1861-இல் தென்கரையோரம் ரயில் வந்தது. தண்டவாளத்தைத் தண்ணீர் அரிக்காமல் இருக்க ஏரியின் மட்டத்தைத் தாழ்த்த வேண்டியிருந்தது. 1863-இல் தென்கரை ஊரான ஷியோஃபோக்கில் மதகு கட்டி உபரி நீரை ஷியோ கால்வாய் வழியே தன்யூப் ஆற்றுக்கு விட்டார்கள். மக்களை ஏரிக்கு அழைத்துவந்த ரயிலே ஏரியின் அளவையும் மாற்றியிருக்கிறது. 1909-இல் வடகரைக்கும் ரயில் போட்டார்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் வடகரையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

வடகரையிலுள்ள பாலட்டோன்ஃபியூரெட் ஊருக்கு 1926-இல் இதய நோயோடு வந்து சிகிச்சை பெற்றவர் நம் ரவீந்திரநாத் தாகூர். உடல் தேறியதும் நவம்பர் 8 அன்று ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு லிண்டன் மரக்கன்றை நட்டார். மரங்கள் அடர்ந்த அந்தக் கரையோர நடைபாதைக்கு இன்று தாகூர் பெயர். வங்கத்துக் கவிஞர் ஒருவரின் பெயரைச் சொல்லி ஹங்கேரியக் குழந்தைகள் அங்கே மாலையில் உலாவப் போகிறார்கள். நினைக்கவே நெஞ்சு நிறைகிறது.

பக்கத்திலேயே திஹனி தீபகற்பம். 1055-இல் முதலாம் ஆந்திராஷ் மன்னன் அங்கே பெனடிக்ட் துறவிகளுக்கு மடம் நிறுவினான். அவன் சமாதியும் அந்தத் தேவாலயத்தின் நிலவறையில்தான். மடத்துக்குக் கொடுத்த சாசனம் லத்தீனில் இருந்தாலும், எல்லை குறிக்கும் இடங்களில் ஹங்கேரியச் சொற்கள் புகுந்துவிட்டன. அந்த மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அது தலையாயது. அதில் புகழ்பெற்ற தொடர் என்ன தெரியுமா? "ஃபெஹெர்வாருக்குச் செல்லும் படைவழி வரை" என்பது பொருள். வழி சொல்லும் வாக்கியம்! நீங்கள் புடாபெஸ்டிலிருந்து பாலட்டோனுக்கு ஏறி வரும் ரயில் அதே ஃபெஹெர்வார் வழியாகத்தான் வருகிறது.

ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரி பலரும் படத்தில் பார்த்தது. நடுவில் தீவு, தீவில் தேவாலயம், கரையில் பாறைமேல் கோட்டை. தலைநகர் லூப்லியானாவிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். பிளெட், போஹின் ஏரி, குகை என மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று டிக்கெட் விற்பார்கள். வாங்காதீர்கள். ஏரியைச் சுற்றி நடக்க ஆறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் போதும். பிளெத்னா என்னும் மரப்படகில் தீவுக்குப் போய் 99 படிகள் ஏறுங்கள். மணமகளைத் தூக்கிக்கொண்டு மணமகன் அந்தப் படிகளில் ஏறுவது அங்குள்ள வழக்கம். மீதி நேரத்தில் சும்மா இருங்கள்.

கடைசியாக சுவிட்சர்லாந்தின் பெர்ன். இருபது நிமிட ரயிலில் தூன். தூன் ஏரியின் ஆழம் 217 மீட்டர், எதிரே கூம்பு போன்ற நீசன் மலை. காண்டர் ஆறு முன்பு ஏரியைத் தொடாமல், தூனுக்குக் கீழே ஆரே ஆற்றில் கலந்து ஊர்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. 1714-இல் அதை ஏரிக்குள் திருப்பினார்கள். கீழே வெள்ளம் குறைந்தது, ஆனால் கூடுதல் நீர் தூன் நகரத்துக்குள் புகுந்தது. மதகுகள் கட்டியும் தீராமல், 2009-இல்தான் ஒரு சுரங்கக் கால்வாய் கூடுதல் வழியாகத் திறந்தது. முந்நூறு ஆண்டுக் கணக்கு அது.

அந்த ஏரியிலிருந்து புறப்படும் ஆரே ஆறுதான் பெர்னைச் சுற்றி ஓடுகிறது. அதனால் கோடையில் பெர்ன்காரர்கள் ரயிலில் தூனுக்குப் போய், ரப்பர் படகைக் காற்றடித்து, ஆற்றோடு மிதந்தே வீடு திரும்புகிறார்கள். சுமார் மூன்று மணி நேரம் ஆகும். நீர் பச்சையும் நீலமுமாய்ச் சில்லென்று இருக்கும், இழுப்பு பலமானது. நன்றாக நீந்தத் தெரியாதவர்கள் கரையிலேயே நடக்க வேண்டும், இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். தெரிந்தவர்கள் மார்சிலி குளிப்பிடத்தில் கரையேறிவிட வேண்டும். அதற்கும் கீழே தடுப்பணை இருக்கிறது. படிக்கட்டுகளில் சிவப்பு வண்ணக் கைப்பிடிக் கம்பிகள் இருக்கும். எட்டிப் பிடித்து ஏறி நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே நாடாளுமன்றக் கட்டடம்.