கிளவுஸ் போட்டாக் கை சுத்தமோ?

வணக்கம் உறவுகளே. நான் ஐசியு எண்ட அதிதீவிர சிகிச்சைப் பிரிவில மிஸ்ஸி, அதாவது தாதி. இண்டைக்கு எனக்கு ஓஃப். கிளிநொச்சியில வீட்டு முத்தத்தில மாமரத்துக்குக் கீழ இருந்து கதைக்கிறன். சேவல் கூவினாக் கோவிக்காதேங்கோ.

போன வீடியோவுக்குக் கீழ ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, "அக்கா, ஐசியு மிஸ்ஸிமாருக்குக் கை கழுவத் தெரியாதோ?" எண்டு. தெரியும் பிள்ளை. கை சுத்தம் செய்ய வேணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்ன அஞ்சு தருணத்தையும் நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவம்.

நான் என்னையே கவனிச்சுப் பாத்தனான். சளி உறிஞ்சி எடுத்த உடன ஓடிப்போய்க் கழுவுவன். அருவருப்பு, வீட்டில குழந்தையும் இருக்கு. ஆனா ஆளைத் தொட முன்னம்? "இப்பதானே கழுவினனான்" எண்டு மனம் சாட்டுச் சொல்லும். பிறகு கழுவிறதில என்ர பயமும் இருக்கு. முன்னம் கழுவிறது முழுக்க நோயாளிக்காக. அதிலதான் கன இடங்களில குறைவு.

இஞ்ச பாருங்கோ. தேங்காயெண்ணெயில குங்குமம் குழைச்சு வச்சிருக்கிறன். கிளவுஸைப் போட்டு, கண்ணை மூடி, ஹான்ட் ரப், அதுதான் கையில தேய்க்கிற அல்ககோல் மருந்து, மாதிரிப் பூசிறன்... திறக்கிறன். உள்ளங்கை நல்ல சிவப்பு. பெருவிரல்? வெள்ளை. விரல் நுனி? அதுவும் வெள்ளை. கனூலா, அதுதான் சேலைன் ஏத்திற சின்னக் குழாய், போடேக்க நாளம் தடவிறது இந்த நுனியாலதானே! 20 தொடக்கம் 30 செக்கன் தேய்க்க வேணும். நான் பத்துக்குள்ள முடிச்சிட்டன். இப்ப கழட்டிறன்... மணிக்கட்டைப் பாத்தீங்களோ? சிவப்பு. அதாலதான் கழட்டினாப் பிறகும் கழுவச் சொல்லிறது.

சி. டிஃபிசில் எண்ட குடல் கிருமியால வயித்தோட்டம் வந்தவைக்கு ரப் சரிவராது. அந்தக் கிருமியின்ர வித்து அல்ககோலுக்குச் சாகாது. சவர்க்காரமும் தண்ணியும்தான், 40 தொடக்கம் 60 செக்கன்.

புதுசா ஐசியுவுக்குப் போன காலம், ஒருநாள் நைட். ரெண்டு கட்டில்ல ஒரே நேரம் அலாம். ஒரே கிளவுஸோட வென்டிலேற்றர் பட்டன், பேனை, பக்கத்துக் கட்டில் சேலைன் லைன் எண்டு எல்லாத்தையும் தொட்டிட்டன். பெரிய மிஸ்ஸி ஏசேல்லை. என்ர பேனையை ஒரு டிஷுவால பிடிச்சு எடுத்துக் குப்பைவாளிக்குள்ள போட்டா.

பிறகொருக்கா ஒரு அம்மா வற்றாப்பளைக் கோயில் விபூதியோட மகனைப் பாக்க வந்தவா. ரப் ஊத்தி, கை காய்ஞ்சாப் பிறகு நெத்தியில மட்டும் பூசச் சொன்னன். பூசிப்போட்டு என்ர கையைப் பாத்தா.

"பிள்ளை, நீங்களும் ரப் பூசினனீங்களோ?"

நான் பூசேல்லை.