ஸ்கூலுக்கு 'க', மெஷினுக்கு 'ஷ': இந்த சி-எச்சை என்ன செய்வது?

வணக்கம். இன்றைக்கு ஒரு அம்மா அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய பையன் நான்காம் வகுப்பு படிக்கிறான். ஆங்கிலப் பாடத்தில் 'சேர்' (நாற்காலி) என்பதைச் சரியாக வாசித்தானாம், 'ஸ்கூல்' என்பதையும் வாசித்தானாம். 'மெஷின்' வந்ததும் 'மச்சின்' என்று வாசித்திருக்கிறான். அம்மா திருத்தினால், "மூணுலயும் அதே சி-எச் தானேம்மா, ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு மாதிரி படிக்கச் சொன்னா எப்படி?" என்று கேட்டுவிட்டான். இதற்கு விதி ஏதாவது இருக்கிறதா, இல்லை மனப்பாடம்தான் வழியா என்கிறார்.

பையன் கேட்டது நியாயமான கேள்வி. 'மச்சான்' என்று வாசிக்காமல் விட்டானே, அதுவரைக்கும் சந்தோஷம்.

ஒரே எழுத்துக்குப் பல ஒலி இருப்பது நமக்கும் பழக்கம்தான். சட்டை, பச்சை, பஞ்சு என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான், ஒலி மூன்று. ஆனாலும் நாம் தடுமாறுவதில்லை. தமிழில் எழுத்து நிற்கிற இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்து சி-எச்சில் இடத்தைப் பார்த்துப் பெரிதாகப் பயனில்லை. அந்தச் சொல் எந்த வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் வீட்டுச் சொற்கள். சைல்ட், சின், சீஸ், சர்ச், சிக்கன். இவை ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஆங்கிலத்தில் புழங்குகிறவை. எல்லாவற்றிலும் 'பச்சை'யில் வருகிற ச்ச ஒலிதான். பழைய ஆங்கிலத்தில் இவற்றை வெறும் சி போட்டுத்தான் எழுதினார்கள். 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள் அல்லவா, அவர்கள் காலத்து எழுத்தர்கள்தான் பிரெஞ்சுப் பழக்கப்படி பக்கத்தில் ஒரு எச்சைச் சேர்த்தார்கள். கூடவே தங்கள் சொற்களையும் கொண்டுவந்தார்கள்: சேர், செயின், சான்ஸ், சேஞ்ச். அந்தக் காலத்துப் பிரெஞ்சில் சி-எச்சுக்கு ச்ச ஒலி இருந்ததால், இவையும் வீட்டுச் சொற்களோடு சேர்ந்துகொண்டன.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் உச்சரிப்பை மாற்றிக்கொண்டார்கள். ச்ச போய் ஷ வந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலம் கடன் வாங்கிய பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் ஷ ஒலியோடு வந்தன. ஷாம்பெய்ன், பாரஷூட், ஷோஃபர். மெஷினும் அப்படித்தான். ஷிகாகோ, மிஷிகன் என்ற அமெரிக்க இடப்பெயர்களில் ஷ இருப்பதும் அங்கே முதலில் பிரெஞ்சுக்காரர்கள் சுற்றியதால்தான். இதற்கு நல்ல சாட்சி ஒரு ஜோடி இருக்கிறது: சீஃப் மினிஸ்டரில் வருகிற 'சீஃப்', ஓட்டல் சமையலறையில் இருக்கிற 'ஷெஃப்'. இரண்டும் தலைவன் என்று பொருள்படும் ஒரே பிரெஞ்சுச் சொல். முன்னால் வந்தவர் சீஃப், பல நூற்றாண்டு கழித்து வந்தவர் ஷெஃப்.

சரி, ஸ்கூலுக்கு ஏன் 'க'? அது கிரேக்க வாசல். கிரேக்கத்தில் மூச்சை அழுத்திச் சொல்லும் ஒரு க இருந்தது. இந்திக்காரர்கள் சாப்பாட்டை 'கானா' என்கிறார்களே, அந்த க. ரோமானியர்களிடம் அதற்கு எழுத்து இல்லை. மூச்சைக் காட்டுவதற்காக சி-க்குப் பக்கத்தில் எச் போட்டு எழுதினார்கள். மூச்சு போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. கெமிஸ்ட்ரி, சைக்காலஜி, ஸ்டொமக், கொலஸ்ட்ரால், குரோமோசோம் எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஸ்கூல் என்பதற்குக் கிரேக்க மூலத்தில் ஓய்வு நேரம் என்று பொருள். இதைப் பையனிடம் சொல்லலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இன்னொன்று. மெக்கானிக் மெஷினைப் பழுது பார்க்கிறார். மெக்கானிக்கில் க, மெஷினில் ஷ. ஆனால் இரண்டுக்கும் வேர் கருவி என்று பொருள்தரும் ஒரே கிரேக்கச் சொல். ஒன்று கிரேக்க க-வை விடாமல் வந்தது, இன்னொன்று பிரான்ஸ் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. உங்கள் பையன் வாசித்த அந்த மெஷின் பட்ட பாடு அது.

போலிகளும் உண்டு. தலைவலியை 'ஹெட்ஏக்' என்கிறோமே, அதில் வரும் 'ஏக்' கிரேக்கமே இல்லை. 'கே' போட்டு எழுதிவந்த வினைச்சொல் அது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில், கிரேக்கத்திலிருந்து வந்தது என்று தவறாக நினைத்து சி-எச் எழுத்துக்கூட்டலே சரி என்றார். அது நிலைத்துவிட்டது. கப்பல் நங்கூரத்துக்குச் சொல்லும் 'ஆங்கர்' சொல்லிலும் எச் இப்படித் தவறாக வந்து ஒட்டியதுதான். 'யாட்' என்ற படகுப் பெயரில் சி-எச்சுக்கு ஒலியே கிடையாது. அது டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது, விட்டுவிடுங்கள்.

விதி கேட்டீர்கள். சொல்லின் தொடக்கத்தில் சி-எச்சை அடுத்து ஆர் அல்லது எல் வந்தால் க: கிறிஸ்மஸ், குரோமியம், குளோரின். சி-எச்சுக்கு முன்னால் 'டி' நின்றால் ச்ச: வாட்ச், கேட்ச், கிச்சன். அறிவியல், மருத்துவம் என்றால் முதலில் க வைத்துப் பாருங்கள். நாகரிகம், ஓட்டல், ஒப்பனை வாடை அடித்தால் ஷ. மற்றதெல்லாம் ச்ச. நூற்றுக்கு நூறு சரியாக வராது. ஆர்க்கிடெக்டுக்கு க, ஆர்ச்பிஷப்புக்கு ச்ச என்று காலை வாரும்.

பெரியவர்களும் தடுக்கி விழுகிற இடங்கள் இரண்டு. கம்ப்யூட்டர்காரர்கள் 'கேச்சி மெமரி' என்கிறார்கள். அது கேஷ், ரொக்கப் பணத்துக்குச் சொல்லும் அதே உச்சரிப்பு. அடுத்தது ப்ரோஷர். நானே பல வருடம் 'ப்ரோச்சர், ப்ரோச்சர்' என்று மேடையில் பேசியவன்தான்.

கடைசியாக, நம் வீட்டிலிருந்து போன சொல் ஒன்று. நம்முடைய 'சுருட்டு' ஆங்கில அகராதியில் இருக்கிறது. எழுத்தில் சி-எச், உச்சரிப்பில் 'ஷெரூட்'. நம் சொல்லுக்கு ஏன் ஷ வந்தது என்று பார்த்தால், அகராதிகள் அதற்கும் பிரெஞ்சு வழியைத்தான் காட்டுகின்றன. நான்காம் வகுப்புப் பையனுக்கு இந்தச் சொல் வேண்டாம். வீட்டில் தாத்தா இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.