தாகத்துக்குத் தா

நேயர்களுக்கு வணக்கம். தமிழ் வேதாகமத்தில் பழைய மொழிபெயர்ப்பா, புதியதா என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

இருபது வருஷத்துக்கும் மேலாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித் தருகிறேன். போன மாதம் பேதுருவின் நிருபத்திலிருந்து ஒரு வசனம். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "ஸ்டேஷன்ல விசாரிக்கிற மாதிரியா டீச்சர்?" என்றான். பயந்துதான் கேட்டான்.

"ஊருக்குப் போறவங்ககிட்ட, ஆச்சியை ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்கன்னு அம்மா சொல்லுவாங்கள்ல? அந்த விசாரிப்புடா" என்றேன். முகம் தெளிந்து உட்கார்ந்தான்.

அந்த வசனம் 1871-ல் ஹென்றி பவர் பாதிரியாரின் குழுவினர் முடித்த தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளது. கத்தோலிக்கரல்லாத சீர்திருத்தச் சபைகளில் இன்றைக்கும் பெரும்பாலும் கையில் இருப்பது அந்த வழி வந்த வேதாகமம்தான். 1995-ல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் அதே இடம், "அவர் உங்கள்மேல் கவலை கொண்டுள்ளார்" என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் நம்முடைய கவலைக்கு ஒரு சொல், கடவுளின் அக்கறைக்கு வேறொரு சொல். பழையவர்கள் அதைப் பிரித்துக் காட்டினார்கள். புதியதில் இரண்டும் கவலையாகிவிட்டன. இந்த இடத்தில் என் மனம் பழையதோடுதான்.

ஆனால் பழையது என்பதாலேயே ஒன்று புனிதமாகிவிடாது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பிறகு இன்னொரு ஜெர்மானிய மிஷனரியான பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு வந்தது. பவர் மொழிபெயர்ப்பு வந்தபோது லுத்தரன் சபையார் பப்ரிசியுஸை விட மனமில்லாமல் நெடுங்காலம் அதையே வாசித்தார்கள். இடையில் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு ஆறுமுக நாவலர் உழைத்த மொழிபெயர்ப்பும் 1850-ல் அச்சேறியது. இன்று நாம் தொன்மையானது என்று கைகூப்பும் நடை ஒரு காலத்தில் புதிதாக வந்து நின்ற நடைதான். உக்கிராணக்காரன் (பண்டசாலையைப் பார்த்துக்கொள்பவன்), ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்), இராயன் (ரோமப் பேரரசன்) எல்லாம் அன்றைக்குச் சனங்களுக்குத் தெரிந்த சொற்கள். உக்கிராண அறையே இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு அவற்றை விளக்கித்தான் ஆக வேண்டும்.

சொல்லுக்குப் பொருள் சொல்லிவிடலாம். எனக்குப் பெரிய சிக்கல் யோவான் 4-ஆம் அதிகாரத்தில்தான். பழையதில், "சமாரியா நாட்டாளாகிய ஒரு ஸ்திரீ தண்ணீர் மொள்ள வந்தாள். இயேசு அவளை நோக்கி: தாகத்துக்குத் தா என்றார்." எவ்வளவு அழகான தமிழ்! வெயிலில் நடந்து வந்தவர் ஒரு வாசலில் நின்று கேட்பதுபோலவே இருக்கிறது. புதியதில், "சமாரியப் பெண் ஒருவர் தண்ணீர் மொள்ள வந்தார்", "குடிக்க எனக்குத் தண்ணீர் கொடும்." காதுக்குச் சற்று விறைப்புத்தான்.

கிரேக்கத்தில் அவள், அவர் என்ற மரியாதை வேற்றுமை கிடையாது. அதைத் தீர்மானிப்பது தமிழில் எழுதுகிறவர். பழையதில் பேதுருவும் அவன், மரியாளும் அவள், பிலாத்துவும் அவன். கடவுளுக்கு முன் எல்லாரும் சமம் என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். படிக்கிறவருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் இது கிணற்றடியில் நடக்கிற கதை. யூதர் சமாரியரோடு புழங்குவதில்லை என்று அந்த அதிகாரமே சொல்கிறது. யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பது, யார் கிணற்றைத் தொடுவது என்று நம் ஊர்களில் நடந்த கொடுமை நமக்குத் தெரியும். அந்தக் காதுகளில் 'வந்தாள்' வேறு விதமாகத்தான் விழும்.

ஒரு பெண்கள் ஜெபக்கூட்டத்தில் திருவிவிலியத்திலிருந்து இந்தப் பகுதியை வாசித்தேன். சிறுவயதில் கிணற்றுக்குத் தள்ளி நின்று, மேலிருந்து யாராவது ஊற்றும்வரை குடத்தோடு காத்துக் கிடந்த ஒரு மூதாட்டி அங்கே இருந்தார். "வந்தாள்னு இல்லையாம்மா? வந்தார்னா போட்டிருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். "இன்னொரு தடவை வாசி தாயீ" என்றார்.

அதிலிருந்து கிணற்றடிக் கதையைச் சபையில் புதியதிலிருந்துதான் வாசிக்கிறேன். பேதுருவின் வசனத்தைப் பிள்ளைகளுக்குப் பழையபடியே மனப்பாடம் பண்ணவைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.