களிமண்ணும் ஒரு குச்சியும்

நேயர்களுக்கு வணக்கம்.

குடல் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் நான் கணக்கு பார்க்கிறேன். சம்பளத்துக்கு என்று எங்களிடம் ஒருவரும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர், அவரவர் வேலை போக மிஞ்சும் நேரத்தில் கூடுகிறோம். அதில் பாதிப்பேர் இந்த நோய்க்கு வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். நான் என் அண்ணனைப் பறிகொடுத்தேன்.

அண்ணனுக்கு மாதக்கணக்கில் மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. மூலமாக இருக்கும் என்று அவராகவே முடிவு செய்து, களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மருத்துவரிடம் போனபோதுகூட இடுப்பு வலி என்றுதான் சொன்னாராம். அவர் போன பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தோம். பழைய ரசீதுகளுக்கு அடியில் ஏழு காலி களிம்பு டியூப்கள். குப்பையில் போட்டால் வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஒளித்து வைத்திருக்கிறார். சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் பற்றி எல்லோரிடமும் சாதாரணமாகப் பேசுகிறவர் அவர். இந்த ஒன்றை மட்டும் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 19 லட்சம் பேருக்கு மேல் இந்தப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். புற்றுநோய் மரணங்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இத்தனைக்கும், வருவதற்கு முன்பே தடுக்க வழி உள்ள புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் இது குடலின் உட்சுவரில் மொட்டுப்போல முளைக்கும் ஒரு சிறு சதையில்தான் தொடங்குகிறது. பாலிப் என்பார்கள். எல்லா பாலிப்பும் புற்றுநோயாக மாறுவதில்லை. மாறுகிறவையும் பொதுவாகப் பத்து ஆண்டு போல எடுத்துக்கொள்கின்றன. ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பார்கள், அதற்குக் கொலோனோஸ்கோபி என்று பெயர். அதைச் செய்யும்போது பாலிப் கண்ணில் பட்டால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். பத்து ஆண்டு அவகாசம் தருகிற நோயிடம் எட்டு, ஒன்பது மாதக் கூச்சத்தால் தோற்கிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்? கூட்டம் கூடும் இடங்களில் ஒரு மேசை போடுவோம். மேசைமேல் ஓர் உண்டியல், ரசீதுப் புத்தகம், குழந்தைகள் விளையாடும் களிமண் ஒரு கட்டி, அப்புறம் மலப் பரிசோதனைக்கான ஒரு சின்னக் குழாய். அதன் மூடியோடு ஒட்டிய குச்சியில் வரி வரியாகப் பள்ளங்கள் இருக்கும். களிமண்ணில் அந்தக் குச்சியை இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை இழுத்துக் காட்டுவோம். பள்ளங்களில் ஒட்டுகிற அளவு போதும். அள்ளி அடைக்கக் கூடாது. குச்சியைத் திரும்பக் குழாய்க்குள் விட்டு 'கிளிக்' என்று மூடினால் முடிந்தது. தண்ணீரில் விழுவதற்கு முன்பே மாதிரியை எடுக்க வேண்டும், அதற்குக் கழிவறையில் ஒரு காகிதத்தையோ சுத்தமான பாத்திரத்தையோ எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் சொல்லுவோம். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக்கூட இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். இதில் ரத்தம் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. குடலுக்குள் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எல்லோரும் மூக்கைச் சுளிப்பார்கள். சிலர் பதாகையைப் படித்ததுமே நகர்ந்துவிடுவார்கள். ஆனால் களிமண்ணைத் தங்கள் கையால் ஒரு முறை தொட்டவர்கள் கேள்வி கேட்காமல் போவதில்லை. அந்தக் கேள்வி கூட்டத்தில் வராது. நாங்கள் மேசையை மடக்கும் நேரத்தில் ஒருவர் திரும்பி வருவார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் நண்பர் ஒருவருக்கு..." என்று ஆரம்பிப்பார். நாங்கள் அந்த நண்பருக்கே பதில் சொல்லி அனுப்புவோம்.

ஒருவர் வெளிப்படையாகப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேட்டி கூரிக், தன் கணவரை இந்த நோய்க்கு 42 வயதில் இழந்தவர். 2000ஆம் ஆண்டில் தனக்குச் செய்த கொலோனோஸ்கோபியைத் தொலைக்காட்சியிலேயே காட்டினார். அதைத் தொடர்ந்த மாதங்களில் அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் சுமார் 20 சதவீதம் கூடினார்கள் என்று ஓர் ஆய்வு பதிவு செய்தது. பிரிட்டன் பத்திரிகையாளர் டெபோரா ஜேம்ஸுக்கு 35 வயதில் நோய் தெரிந்தது. 'உங்கள் மலத்தைப் பாருங்கள்' என்று கூசாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 2022இல், கடைசி நாள்களில், இரண்டரை லட்சம் பவுண்டு இலக்கு வைத்து ஒரு நிதி தொடங்கினார். அவர் 40 வயதில் கண்மூடுவதற்குள் அது 60 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது.

எங்கள் உண்டியலில் அவ்வளவு விழாது. "இந்தப் பணம் ஆராய்ச்சிக்குப் போகுமா?" என்று கேட்கிறவர்களிடம் போகாது என்றே சொல்லிவிடுவேன். மருந்து கண்டுபிடிக்கும் பணம் எங்களிடம் இல்லை. எங்கள் கணக்குப் புத்தகத்தில் அதிகம் இருக்கும் வரி வண்டிச் செலவுதான். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். கொலோனோஸ்கோபிக்கு மயக்க மருந்து கொடுத்தால், அன்று தனியாக வீடு திரும்ப விடமாட்டார்கள், கூட ஒருவர் வர வேண்டும். தனியாக வாழ்கிறவருக்கு அந்த 'ஒருவர்' யார்? இதனாலேயே இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்ட ஒரு பெரியவரை எங்களுக்குத் தெரியும். மூன்றாவது தேதிக்கு எங்கள் தன்னார்வலர் ஒருவர் கூடப் போனார். இரண்டு பாலிப்களை எடுத்தார்கள். இரண்டும் புற்றுநோயாக மாறியிருக்கவில்லை. அவருடைய வண்டிக்கான ரசீதை நான் கோப்பில் வைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முந்தின நாள் தொலைபேசியில் பேசுவதும் எங்கள் வேலை. குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் பேதி மருந்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது குடிக்கக் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குடல் சுத்தமாக இல்லாவிட்டால் உள்ளே சரியாகத் தெரியாது, எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும். "மிச்சத்தையும் மெதுவாகக் குடித்துவிடுங்கள், நான் மறுபடி கூப்பிடுகிறேன்" என்று சொல்ல ஒரு குரல் இருந்தால் பெரும்பாலும் குடித்துவிடுகிறார்கள்.

இது வயதானவர்களின் நோய் என்று நினைத்து இளையவர்கள் விட்டுவிட வேண்டாம். ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மேன் இந்த நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழே இந்த நோய் கூடிவருகிறது. அதனால் 2021இல் அமெரிக்க நிபுணர் குழு பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்துப் பரிந்துரைத்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால், இன்னும் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். அண்ணனுக்கு வந்ததால் நானும் செய்துகொண்டேன்.

மலத்தில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேலும் சரியாகாத மலச்சிக்கலோ பேதியோ, காரணமில்லாமல் எடை குறைவது, ஏனென்றே தெரியாத ரத்தசோகையும் களைப்பும். இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எத்தனை நாளாக இருக்கிறது, ரத்தமாக இருந்தால் சிவப்பா கறுப்பா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், போவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் பேச வேண்டாம், அந்தத் தாளை நீட்டுங்கள். மருத்துவர் படித்துக்கொள்வார்.

நன்றி, வணக்கம்.