ஆட்டுக்கு முதலில் பரண், அப்புறம் வேலி

நேயர்களுக்கு வணக்கம். நம் குமரி மாவட்டத்தில் அருமனை, களியல், குலசேகரம் பக்கம் காடு பிடித்துக் கிடக்கும் விளைகளில், அதாவது தோட்டங்களில், வெள்ளாடு விடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக விடலாம். ஆனால் எல்லோரும் கையிலுள்ள பணத்தை முதலில் வேலிக்குக் கொட்டுகிறார்கள். முதலில் பரண், அதாவது தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய கொட்டில், கட்டுங்கள் என்பேன்.

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. வெள்ளாட்டுக்கு நனையவே பிடிக்காது. தூறல் விழுந்ததும் கூரை தேடி ஓடும். ஓடிவர ஓர் இடம் இருக்கிற ஆடு வேலியை அதிகம் சோதிக்காது. பரண் தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் இருக்கட்டும், அடியில் புழுக்கை வார வசதி. பரண் தளத்தின் சட்டங்களுக்கு நடுவே 1 முதல் 1.5 செ.மீ. இடைவெளி விட்டால் புழுக்கை விழும், குளம்பு சிக்காது. பெரிய ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி. மேற்கே சாரலுக்கு ஓலைத்தட்டி. ஈரத்திலேயே நின்றால் குளம்பு அழுகிவிடும். அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், முதலில் பரண்.

வேலிக்கு வருவோம். எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் விளையைச் சுற்றி ஐந்து வரிசை முள்கம்பி கட்டினார். அவருடைய பெட்டை ஆடு முன்னங்காலை மடக்கி, கடைசிக் கம்பிக்கு அடியில் தலையைக் கொடுத்து, முதுகை நெளித்து வெளியே போய்விட்டது. முள்ளில் கொஞ்சம் மயிர்தான் மிச்சம். சரி என்று ஐந்தடிக்கு வலைக்கம்பி போட்டார். கொஞ்ச நாளில் ஆடுகள் பக்கத்து விளை மரச்சீனியில் (மரவள்ளியில்) நின்றன! அண்ணாச்சி வேலி போட்டவரை ஏசு ஏசென்று ஏசினார். குற்றவாளி, வேலிமேல் சாய்ந்து வளர்ந்த கொல்லமாமரம், முந்திரி மரம்தான். குட்டி முதலில் ஏறும், தாய் பின்னால் ஏறும், கவட்டையில் நின்று ஒரு குதி. இத்தனைக்கும் அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் அவர் தினமும் வெற்றிலை போடுவார்.

ஆகவே வேலியோரம் உள்பக்கம் ஆறடிக்குப் புதரை வெட்டுங்கள், சாய்ந்த மரத்தைக் கழியுங்கள். வேலி எங்கே தளர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். மூலைக்கல்லுக்கு முட்டுக் கொடுங்கள். ஆடு பின்னங்காலில் எழுந்து கம்பிமேல் சாய்ந்து சாய்ந்தே வேலியைத் தொய்ய வைத்துவிடும். உயிர்வேலியாகச் சீமைக்கொன்னை (கிளிரிசிடியா) நடுவதென்றால் கம்பிக்கு வெளியே நடுங்கள், உள்ளே நட்டால் பட்டையை உரித்துத் தின்னும்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சு என்று கை காட்டுகிறார்கள். தீவனம் பற்றிப் பேச நேரமில்லை, ஆபத்தை மட்டும் சொல்கிறேன். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும், ஆடு விடுமுன் பிடுங்குங்கள். பச்சை மரச்சீனி இலை விஷம், வெயிலில் நன்றாக உலர்த்திக் கொடுங்கள். நாய்த் தொல்லை உண்டு, இரவில் பரண் கதவைத் தாழிடுங்கள். குடற்புழு மருந்தை மழைக்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். வணக்கம்.