மீன் கடையில் கேட்ட 'கட்'

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் சென்ற வாரம் வஞ்சிரம் வாங்க நின்றிருந்தேன். அரிவாள்மணை முன் அமர்ந்திருந்த அம்மாள், செதிலைச் சீவி, துடுப்பை அரிந்து, தலையைத் துண்டித்துவிட்டு, "கொழம்புக்கா, வறுவலுக்கா? எப்படி சார் கட் பண்ணட்டும்?" என்று கேட்டார். சீவுதல், அரிதல், நறுக்குதல், கொய்தல் என்று செயலுக்கேற்ப வினை வைத்திருக்கும் மொழியில், இந்த ஓரசை ஆங்கிலச் சொல் எல்லா இடத்திலும் புகுந்துவிட்டது. மின்சாரம் போனால் கரண்ட் கட். வகுப்புக்குப் போகாதவன் கட் அடித்தவன். பொறியியல் சேர்க்கைக்கு 200க்குக் கணக்கிடும் மதிப்பெண் கட்-ஆஃப். கண்டிப்பானவர் கட் அண்ட் ரைட். இந்தக் கடைசித் தொடர் நம் ஊர்ச் சரக்கு. ஆங்கிலேயரிடம் சொன்னால் விழிப்பார்.

ஆங்கிலத்திலும் இச்சொல்லின் பொருள்கள் பலவாகக் கிளைத்தவையே. குழந்தைக்குப் பல் முளைப்பதும், சீட்டுக்கட்டைப் பிரித்து வைப்பதும், தெரிந்தவரைத் தெரியாதவர்போல் கடந்து செல்வதும், விலையைக் குறைப்பதும் 'கட்' தான். கால்வாய் வெட்டுவதற்கும் அதையே சொல்வார்கள் என்பதைக் கேட்கும்போது, கிணற்றையும் கல்லெழுத்தையும் ஒரே வினையால் 'வெட்டும்' நமக்கு அது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

வியப்பு என்னவென்றால், இவ்வளவு புழங்கும் சொல்லுக்குப் பிறப்புச் சான்று இல்லை. பழைய ஆங்கிலத்தில் வெட்டுதலுக்குரிய பொதுச்சொல், இன்று செதுக்குதலைக் குறிக்கும் 'கார்வ்' என்பதன் மூதாதை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் 'கட்' எழுத்தில் தலைகாட்டுகிறது. பிறகு பழைய சொல்லை மரவேலைக்கும் சாப்பாட்டு மேசை இறைச்சிக்கும் ஒதுக்கிவிட்டு, பொது இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது. தொடக்க கால எழுத்தில் இதன் உயிரொலி உகரமாகவும் இகரமாகவும் எகரமாகவும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. ஒரே பழைய உயிரொலி இவ்வாறு மூன்றாகப் பிரிவது ஆங்கிலத்தில் தெரிந்த மாற்றமே என்பதால், பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் பேச்சில் இருந்து, ஏட்டில் ஏறாமல் போயிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். ஐஸ்லாந்து மொழியில் சிறு கத்தியைக் குறிக்கும் சொல்லும், ஸ்வீடன் வட்டார வழக்கில் வெட்டுதலைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் நெருங்கி வருவதால், வடபுல மொழிகளோடு உறவு உண்டு என்பது இன்னொரு கருத்து. எனக்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவையாகத் தோன்றவில்லை.

பிரெஞ்சு புழங்கிய நம் ஊரில் வேறொரு ஐயம் எழுவது இயல்பு. கத்திக்குப் பிரெஞ்சில் 'கூத்தோ' என்பார்கள். 'கட்' அதிலிருந்து வந்திருக்குமோ என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அப்பிரெஞ்சுச் சொல் லத்தீனில் சிறு கத்தியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதன் பழைய வடிவின் இறுதியில் ஒரு லகரம் இருந்தது. அந்த லகரத்தோடு ஆங்கிலத்துக்குப் போனதுதான் கத்தி, கரண்டி வகையறாவைக் குறிக்கும் 'கட்லரி'. 'கட்' என்பதில் அந்த லகரத்தின் சுவடே இல்லை. மாலையில் டீக்கடையில் நாம் தின்னும் கட்லெட்டோ இவ்விரண்டுக்குமே சொந்தமில்லை. விலா எலும்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, எலும்போடு கூடிய இறைச்சித் துண்டுக்கு வந்த பெயர் அது. உருளைக்கிழங்கு அந்தப் பெயரைப் பின்னால் எடுத்துக்கொண்டது. நம் 'கத்தி'யை இதோடு முடிச்சுப் போட விரும்புவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது இந்தச் சோழமண்டலக் கரையை எழுதிய பயணிகளின் குறிப்புகளில் கண்ணெதிரே தெரிகிறது. கத்திக்கு அப்படி ஒரு தடயமும் இல்லை.

இறந்தகாலத்திலும் 'கட்' மாறாது. வேர் டகர ஒலியில் முடிவதால், இறந்தகால விகுதி அதனோடு ஒட்டிக் கரைந்துவிட்டது. 'புட்', 'ஷட்' போன்றவையும் இவ்வினமே. நேற்றா இன்றா என்பதை ஆங்கிலேயர் சூழலால் உணர்கிறார். நாமோ அதைப் பெயர்போல் நிறுத்தி, காலத்தைப் 'பண்ணு' என்பதன் தலையில் ஏற்றிவிட்டோம். அந்த அம்மாளும் துண்டுகளைப் பையில் போட்டு நீட்டி, "கட் பண்ணிட்டேன் சார்" என்றார்.