யாரோ, யாராவது, யாரும்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, அன்போடு பொன்னாடை போர்த்திய பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர் அவர்களே, மழையைப் பாராமல் வந்து அரங்கை நிறைத்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆள் இன்னார், பொருள் இன்னது என்று குறிக்காத ஆங்கிலப் பிரதிப்பெயர்களைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அவற்றின் பொருள், அவை ஏற்கும் வினை.

சம், எனி, எவ்ரி, நோ என்று தலை 4. பாடி, ஒன், திங் என்று வால் 3. ஒட்டினால் 12 சொற்கள். பிள்ளைகள் இவற்றை ஒப்பித்துவிடுகிறார்கள். எதை எங்கே போடுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? ஓ, ஆவது, உம் என்று நம்மிடமே ஒட்டுகள் இருக்கின்றனவே! “யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.” தட்டுவது உறுதி, ஆள்தான் தெரியவில்லை. அது சம்பாடி. “யாராவது வந்தார்களா?” வந்ததே உறுதியில்லை. அது எனிபாடி. “குடிக்க ஏதாவது வேண்டுமா?” என்று உபசரிக்கும்போது மட்டும் சம்திங் போட வேண்டும்; ‘வேண்டும்’ என்ற பதிலை எதிர்பார்த்துத்தானே கேட்கிறோம்.

பிழை மலிந்த இடம் ‘யாரும் வரவில்லை’. இதை “எனிபாடி டிட் நாட் கம்” என்று எழுதுகிறார்கள். திருத்தினால் “நோபாடி டிட் நாட் கம்” என்கிறார்கள். வராதவர் ஒருவருமில்லை என்று பொருள் தலைகீழாகிவிடுகிறது! “நோபாடி கேம்” என்பதே சரி.

ஒரு கிரேக்கக் கதை கேளுங்கள். ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸின் குகையில் ஒடிசியஸ் சிக்கிக்கொண்டான். கூட வந்தவர்களை அரக்கன் இரண்டிரண்டு பேராகத் தின்கிறான். ஒடிசியஸ் அவனுக்குத் திராட்சை மதுவை ஊற்றிக் கொடுத்தான். “உன் பெயர் என்ன?” என்று கேட்டான் அரக்கன். “என் பெயர் நோபாடி.” அரக்கன் மயங்கிச் சாய்ந்ததும், நெருப்பில் காய்ச்சிய கழியை அந்த ஒற்றைக் கண்ணில் செருகினான். அலறல் கேட்டு மற்ற அரக்கர்கள் ஓடி வந்து வெளியே நின்று, “யார் உன்னைக் கொல்கிறார்கள்?” என்று கேட்டார்கள். “நோபாடி இஸ் கில்லிங் மீ!” ஒருவருமே கொல்லவில்லையாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள்!

தமிழில் இந்தத் தந்திரம் பலிக்குமா? “யாருமில்லை என்னைக் கொல்கிறான்” என்றால், கொல்கிறான் என்ற வினையே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். நம் மறுப்பு வினையில் இருக்கிறது. அவர்கள் மறுப்பு பெயருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதி, ‘வரவில்லை’யில் ‘இல்லை’யையும் நோபாடியில் ‘நோ’வையும் வட்டமிடுங்கள். பிழை எங்கே பிறக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்றால், அந்த ‘வரவில்லை’யைப் பலகையில் எழுதுவது எப்படி? கையில் வெண்ணெய் இருக்கிறது, அதைத் தொடாதே என்கிறோம். ‘எல்லாரும் வந்தார்கள்’ நமக்குப் பன்மை, ‘எவ்ரிபாடி ஹேஸ் கம்’ அவர்களுக்கு ஒருமை. இதையும் இரு மொழியையும் பக்கத்தில் வைத்தால்தான் காட்ட முடியும்.

கல்வி அலுவலர் அவர்களே, இலக்கணப் பாடவேளையில் முதல் 10 நிமிடம் தமிழில் விளக்க ஆசிரியர்களுக்கு அனுமதி கொடுங்கள். இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.